விருந்தாளியா? வாடகை மாடா?

விருந்தாளி என்கின்ற வார்த்தைக்கு நம் நாட்டில் ஓர் அர்த்தம் உண்டு. வீட்டுக்காரன் பட்டினி கிடந்தாலும் வந்தவனுக்கு இலை போடுவதுதான் விருந்து என்பதாக நம் ஜனங்கள் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். ஆனால் மேல்நாட்டு ராஜதந்திரிகளும், அரபு நாட்டுச் சர்க்கார்களும், இவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்களும் இந்த வார்த்தைக்கு ஒரு புது அர்த்தம் கண்டுபிடித்திருக்கின்றார்கள். அதுதான் "விருந்தாளித் தொழிலாளி" என்பது. இந்த விருந்தாளி வந்து இறங்கியவுடன் முதலில் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பிறகு ஓர் அறையில் பத்துப் பேரை அடுக்குக் கட்டிலில் போடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது என்பார்கள். கூலி போதவில்லை என்று நாலு பேர் கூடிப் பேசினால் குற்றம் என்பார்கள். வேலை தீர்ந்தவுடனோ, அல்லது உடம்பு முடியாமற் போனவுடனோ, விமானத்தில் ஏற்றி அனுப்பி விடுவார்கள். இதற்குப் பேர் விருந்தானால், கசாப்புக் கடைக்கு ஓட்டிப் போகிற ஆட்டுக்கு வழியில் தழை போடுவதும் விருந்துதான்.

இந்தப் பேர் ஜெர்மனியில் பிரபலமானது. யுத்தத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதாமல், 1955ல் இத்தாலியுடனும் 1961ல் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்து ஆட்களை வரவழைத்தார்கள். 1964ல் பத்து லட்சமாவது விருந்தாளி வந்து இறங்கினான் என்று ரயிலடியில் மேளதாளத்துடன் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைப் பரிசாகக் கொடுத்துப் படமும் பிடித்தார்கள். துருக்கிக்காரன் இரண்டு வருஷம் வேலை செய்து விட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும், அவனுக்குப் பதில் வேறொருவன் வரவேண்டும் என்பதுதான் முதலில் போட்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை வேண்டாமென்று சொன்னவர்கள் யார் தெரியுமா? ஜெர்மன் முதலாளிகளேதான்! வேலை பழகினவனை அனுப்பிவிட்டு, பழகாதவனுக்கு மறுபடி சொல்லிக் கொடுப்பது நஷ்டம் என்று அவர்கள் சொன்ன பின் 1964ல் அந்த விதியை எடுத்தார்கள். அப்படியிருந்தும் 1973ல் எண்ணெய் விலை ஏறித் தொழில் மந்தப்பட்டதும், ஆள் எடுப்பதை அடியோடு நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். ஆகவே "தற்காலிகம்" என்பது வேலையைப் பற்றிய பேச்சல்ல என்பது நன்றாய் விளங்குகின்றது. வேலை நிரந்தரமானது. ஆள்தான் தற்காலிகம்.

அமெரிக்காவும் இதைச் செய்து பார்த்தது. 1942 முதல் 1964 வரையில் மெக்சிகோக்காரர்களைக் கொண்டுபோய் வயல்களில் வேலை வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பும்போது தருகிறோம் என்று ஆரம்ப வருஷங்களில் கூலியில் நூற்றுக்குப் பத்துப் பிடித்து வைத்தார்கள். அந்தப் பணம் அநேகருக்கு வந்து சேரவேயில்லை. கிழவர்களாகி, கோர்ட்டில் வழக்காடி, அரை நூற்றாண்டு கழித்துத்தான் சிலருக்கு ஏதோ கிடைத்தது.

நிற்க, நம்முடைய கதைக்கு வருவோம்.

இன்று புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சை முதலிய ஜில்லாக்களில் துபாய்க்கோ, சவூதிக்கோ, குவைத்துக்கோ, சிங்கப்பூருக்கோ ஆள் போகாத கிராமம் அருமை. அரபு நாடுகளில் இவர்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றுக்குக் "கபாலா" என்று பேர். போய் வந்த தோழர்களுக்கு இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போகாதவர்களுக்காகச் சொல்லுகின்றோம். அந்நாட்டில் தங்குவதற்கு உனக்கு உரிமை கொடுப்பது சர்க்கார் அல்ல. "கபீல்" என்கின்ற முதலாளிதான். அவன் உன்னை வேலையிலிருந்து நீக்கினால், அதே நிமிஷம் அந்நாட்டில் இருப்பதற்கு உனக்குள்ள உரிமையும் போயிற்று. அவன் கொடுமை தாங்காமல் நீ வெளியே போனால், "என் ஆள் ஓடிப் போய்விட்டான்" என்று அவன் ஒரு வரி எழுதிக் கொடுத்தாற் போதும். அதற்கு "ஹுரூப்" என்று பேர். ஆறு மாதச் சம்பளம் பாக்கி வைத்தவன் யோக்கியன், பாக்கியைக் கேட்டவன் குற்றவாளி என்றாகிவிடும். வேறு முதலாளியிடம் போகவேண்டுமானால் பழைய முதலாளி "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சீட்டுக் கொடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்புவதற்குக்கூட அவனிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமென்று சில நாடுகளில் வெகுகாலம் சட்டமிருந்தது.

இந்தச் சீட்டு நம் ஜனங்களுக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலை செய்த காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. கங்காணி இங்கேயே முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டித் தோட்டத்துக்குக் கூட்டிக் கொண்டு போவான். அங்கே போனபின் அரிசிக் கடன், கம்பளிக் கடன் என்று அது வளருமே தவிரக் குறையாது. இன்ன தொகை கடனைக் கொடுத்தால் இந்த ஆளை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதந்தான் துண்டு. கடன் தீராமல் துண்டு இல்லை, துண்டு இல்லாமல் வேறு தோட்டம் இல்லை. மனிதனை விலைச் சீட்டோடு கைமாற்றுகின்ற இந்த வியாபாரம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கே வெட்கமாகிப்போய், 1921ல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. அப்படி ஒழிந்த துண்டு நூறு வருஷத்துக்குப் பிறகு ஆட்சேபணையில்லாச் சீட்டு என்கின்ற வேஷத்தில் திரும்பி வந்து நம் பேரன்மார் கழுத்தில் தொங்குகின்றது. அன்று கங்காணி, இன்று ஏஜெண்டு. அன்று முன்பணம், இன்று விசாப் பணம். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அன்று கங்காணி ஆளுக்குப் பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கினான். இன்று ஆள் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கடனாளி ஆகின்றான். நாகரிகம் இவ்வளவு தூரம் முன்னேறியிருக்கின்றது!

கபாலாவைத் திருத்தி விட்டார்களே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். உலகக் கால்பந்துப் பந்தயத்தை நடத்த முன்வந்த கத்தார், உலகமே திரும்பிப் பார்த்துக் காறித் துப்பியதன் பேரில், 2020ல் அந்தச் சீட்டை எடுத்துவிட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்றும் சட்டம் செய்து 2021ல் அமுலுக்குக் கொண்டு வந்தது. சவூதி 2021ல் தளர்த்தியது. ஆனால் அந்தத் தளர்த்தலில் வீட்டு வேலைக்காரர்களையும் தோட்ட வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. அதாவது யார் நாலு சுவருக்குள் கேட்பாரின்றி அடைபட்டிருக்கின்றார்களோ, அவர்களைத்தான் விட்டுவிட்டார்கள். சட்டம் மாறியதை நாம் குறை கூறவில்லை. அது தொழிலாளி பட்ட பாட்டுக்கும் வெளியுலகம் போட்ட சத்தத்துக்கும் கிடைத்த கூலி என்பதை மறந்துவிட்டு, அரசர்களின் கருணையினால் கிடைத்தது என்று துதி பாடுவதைத்தான் வேண்டாமென்கின்றோம்.

இனி, "அவன் விரும்பித்தானே போகின்றான், யார் கட்டி இழுத்துக் கொண்டு போனார்கள்?" என்று கேட்கின்ற பெரிய மனிதர்களுக்குச் சில வார்த்தை. இப்படிக் கேட்கின்றவர்கள் அநேகமாய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களாகவே இருப்பார்கள். ஊரில் வேலையில்லை, கிடைத்த வேலைக்குக் கூலியில்லை, நிலமோ அவனுடையதல்ல, தங்கைக்குக் கலியாணத்துக்கு நகை போட வேண்டும். இந்த நாலு பேரும் சேர்ந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பேர் விருப்பமா? பாம்புக்குப் பயந்து கிணற்றில் குதித்தவனைப் பார்த்து "குளிக்க ஆசைப்பட்டான்" என்று சொல்லுவது போன்றதே இது. அதிலும் போகும்போது தாலி முதல் தோடு வரை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, லட்சக் கணக்கில் ஏஜெண்டிடம் கொட்டிவிட்டுப் போகின்றான். அந்தக் கடன் தீருகிற வரையில் முதலாளி அடித்தாலும் உதைத்தாலும் அவனால் திரும்பி வர முடியாது. அங்கே கபீல் ஒரு முனையையும், இங்கே வட்டிக்காரன் மறு முனையையும் பிடித்துக் கொண்டிருக்கின்றார்கள்.

பணம் வரவில்லையா என்பார்கள். வருகின்றது. இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2024ல் மட்டும் வெளிநாட்டிலிருப்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குக் கொடுத்திருக்கின்றது. இதில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவர்கள் அனுப்பியதும் உண்டு என்றாலும், வெயிலில் இரும்புக் கம்பி கட்டியவன் அனுப்பியது அற்பமல்ல. அந்தப் பணத்தால் கூரை ஓடாயிற்று, ஓடு மாடியாயிற்று, பிள்ளை காலேஜுக்குப் போயிற்று. சேரியிலே பிறந்தவன் மிராசுதாருக்கு எதிரில் செருப்புப் போட்டு நடக்கும்படியானதற்கும் அநேக கிராமங்களில் அந்தப் பணமே காரணம். ஆகையால் "போகாதே" என்று நாம் யாரையும் தடுக்க மாட்டோம். நமது சண்டை போகிறவனோடல்ல. அவனை மனிதனாய்ப் போகவிடாமல் உருப்படியாய்க் கட்டி அனுப்புகின்றவர்களோடுதான்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் அஸ்திவாரம் எது என்று யோசித்துப் பாருங்கள். "திறமையுள்ள தொழிலாளி", "திறமையற்ற தொழிலாளி" என்கின்ற பிரிவினைதான். திறமையுள்ளவன் என்று எழுதப்பட்டவன் குடும்பத்தோடு போகலாம், வீடு வாங்கலாம், சில நாடுகளில் சில வருஷம் கழித்துப் பிரஜையும் ஆகலாம். திறமையற்றவன் என்று எழுதப்பட்டவன் இருபது வருஷம் இருந்தாலும் வந்த அன்று எப்படியோ அப்படியே. இந்தத் திறமையற்றவன் என்பவன் யார்? நாற்பதாவது மாடியில் சாரத்தின் மேல் நின்று கம்பி கட்டுகின்றவன். பூமிக்கு அடியில் இறங்கிச் சாக்கடைக் குழாய் பதிக்கின்றவன். கப்பலின் வயிற்றுக்குள் புகுந்து பற்றவைக்கின்றவன். அவன் அந்த வேலையை விட்டுவிட்டால் அந்தப் பட்டணங்கள் எழும்பவே எழும்பா. அவனுக்குத் திறமை இல்லையாம்! குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அவன் செங்கல்லைக் கணக்கெழுதுகின்றவனுக்கு மட்டும் இருக்கின்றதாம்!

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? உடம்பால் உழைக்கின்றவன் தாழ்ந்தவன், உழைக்காமல் இருந்து கொண்டு ஓதுகின்றவன் உயர்ந்தவன் என்று மனு எழுதி வைத்த வருணாசிரம தர்மமேதான் இது. கபாலாவைக் கண்டுபிடித்தவன் மனுவைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அயோக்கியத்தனத்துக்குப் புத்தகம் வேண்டியதில்லை. அக்கிரகாரத்துக்குள் வந்து மாடு கட்டலாம், விறகு பிளக்கலாம், பொழுது சாய்ந்தால் வெளியே போய்விட வேண்டும் என்பதற்கும், நகரத்தைக் கட்டலாம், ஆனால் நகரத்தான் ஆகக் கூடாது என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். கை வேண்டும், கைக்குச் சொந்தக்காரன் வேண்டாம். இன்னும் அநேக கம்பெனிகளில் ஒரே வேலைக்கு இந்தியனுக்கு ஒரு சம்பளம், நேபாளிக்கு அதற்குக் குறைச்சல், வெள்ளைக்காரனுக்கு அதற்குப் பல மடங்கு என்றிருக்கின்றது. பிறந்த வயிற்றைப் பார்த்துக் கூலி போடுவது ஜாதியா, அல்லவா?

நம்முடைய டெல்லி சர்க்கார் இதில் குறைந்ததல்ல. பத்தாவது வகுப்புத் தேறாதவர்கள் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பாமரன் ஏமாறாமலிருக்க என்று போட்டதாய்ச் சொல்லப்படுவது. இருக்கட்டும். 2018 ஜனவரியில் என்ன செய்யப் பார்த்தார்கள் தெரியுமா? இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட்டும், படித்தவர்களுக்குப் பழைய நீல நிறப் பாஸ்போர்ட்டும் கொடுப்பதாக அறிவித்தார்கள். விமான நிலையத்தில் ஒருவன் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதே "இவன் படிக்காதவன்" என்று உலகத்துக்கெல்லாம் தெரியும்படி! பூணூலைப் பார்த்து மரியாதை செய்யப் பழகிய மூளைக்குத்தான் இந்த யோசனை தோன்றும். நாலாபக்கமும் எதிர்ப்புக் கிளம்பவே அந்த மாதம் முடிவதற்குள் கைவிட்டார்கள். கைவிட்டதற்கு நாம் நன்றி செலுத்த வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. 1938ல் மலாயா ரப்பர்த் தோட்டக்காரர்கள் நம் ஆட்களின் கூலியைக் குறைத்தார்கள். அப்பொழுது இந்தியாவை ஆண்டது வெள்ளைக்காரச் சர்க்கார். அந்தச் சர்க்கார்கூட, கூலியைக் குறைத்ததற்குப் பிறகு ஆட்களை இங்கிருந்து செலவு கொடுத்துக் கூட்டிப் போவதையே நிறுத்தி உத்திரவு போட்டது. 2020 செப்டம்பரிலோ, கொரோனாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் சம்பள பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பிக் கொண்டிருந்த சமயத்தில், நம் சுதந்திர இந்தியச் சர்க்கார் என்ன செய்தது? அரபு நாடுகளுக்குப் போகிறவனுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று தானே விதித்திருந்த தொகையைத் தானே குறைத்தது. சில நாடுகளுக்கு மாதம் 200 டாலர் என்றாக்கிற்று. குறைத்தால்தான் மற்ற நாட்டு ஆட்களோடு போட்டி போட முடியும் என்று சமாதானமும் சொல்லிற்று. சந்தையில் மாட்டை விற்கின்றவன், பக்கத்து மாட்டுக்காரன் விலையைக் குறைத்தான் என்று தானும் குறைப்பது போல! தெலுங்கானா ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டு, கண்டனம் எழும்பிய பின்னர்தான் 2021 ஜூலையில் வாபஸ் வாங்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு இருந்த வெட்கம் இவர்களுக்கு இருந்ததா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

அங்கே போய் நம்மவர் எப்படி வாழ்கின்றார்கள் என்பதற்கு 2024 ஜூன் 12ந் தேதி குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் நடந்ததே போதும். ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் சுமார் இருநூறு தொழிலாளிகளை அடைத்திருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. தூக்கத்திலேயே புகையால் மூச்சு முட்டி ஐம்பது பேர் வரையில் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதில் தமிழர்கள் 7 பேர். பிணங்கள் ராணுவ விமானத்தில் கொச்சிக்கு வந்தன. மந்திரிகள் மாலையோடு நின்றார்கள். உயிரோடு இருந்தபோது அந்த அறையில் எத்தனை கட்டில் போட்டிருக்கின்றார்கள் என்று போய் எண்ணிப் பார்க்க இந்த மந்திரிகளில் ஒருவருக்காவது நேரமிருந்ததா? விதி என்றார்கள் சிலர். வாசலுக்கு வழி விடாமல் கட்டில் போட்டது விதியா, வாடகை மிச்சம் பிடித்தவனா?

சிங்கப்பூர் சங்கதி வேறு தினுசு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதைச் சொல்லி நம்மவர் மார்தட்டிக் கொள்ளுகின்றார்கள். தமிழுக்கு அங்கே சிம்மாசனந்தான், தமிழனுக்கு லாரியின் பின்புறம்! கட்டிட வேலைக்குப் போகும் தொழிலாளிகளைச் சரக்குப் போல் லாரியில் ஏற்றிச் செல்லுவதை அத்தனை பணக்கார சர்க்கார் இன்னும் சட்டப்படி அனுமதித்துக் கொண்டிருக்கின்றது. ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 வெள்ளி ஜாமீன் கட்டி, அவன் திரும்பிப் போவதற்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும். அந்நாட்டுப் பிரஜையைக் கலியாணம் செய்து கொள்ளச் சர்க்காரின் உத்திரவு பெற வேண்டும். வீட்டு வேலைக்குப் போன பெண் கர்ப்பமானால் ஊருக்கு அனுப்பி விடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தியப் பரிசோதனை. 2020ல் கொரோனா வந்தபோது அந்த ஊர் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களே. அந்த வருஷ முடிவில் கணக்குப் பார்த்ததில் விடுதிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை நோய் தொட்டிருந்தது. பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் விலகி நில் என்று சொன்னால் எங்கே விலகுவது?

இவ்வளவுக்கும் நம் ஜனங்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் என்ன? சாமிதான்! ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் "விசா பாலாஜி" என்று ஒரு கடவுள் இருக்கின்றார். பதினொரு சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்ள வேண்டுமாம். விசா கிடைத்தபின் வந்து 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். அமெரிக்கச் சர்க்கார் விசாவைக் குறைக்கும்போதெல்லாம் இந்தக் கடவுளின் சக்தி எங்கே போய்விடுகின்றதென்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே சுற்றுகிறவர் பெரும்பாலும் படித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். "திறமையுள்ளவர்கள்" என்று எழுதப்பட்டவர்களின் திறமை இது.

நம் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், சென்னை மெட்ரோ ரயில் வேலையிலும் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்து உழைக்கின்றவர்களை நம்மவர் எப்படி நடத்துகின்றார்கள்? தகரக் கொட்டகையில் அடைப்பது, "வடக்கன்" என்று ஏளனமாய்க் கூப்பிடுவது, கூலி குறைந்ததற்கு அவனே காரணமென்று சொல்லுவது, இதெல்லாம் நடக்கவில்லையா? அவனுக்கு விசா வேண்டியதில்லை, அவன் இந்நாட்டுப் பிரஜை. ஆனாலும் ரேஷனுக்கும், ஓட்டுக்கும், வாடகை வீட்டுக்கும் அவன் படும் பாடு நம் அண்ணன் தம்பி குவைத்தில் படும் பாட்டின் தங்கச்சிதான். கூலியைக் குறைத்தவன் அவனல்ல, குறைத்துக் கொடுக்கின்றவன் நம்மூர் முதலாளி. துபாயில் நமக்கு வேண்டுமென்று கேட்கின்ற மரியாதையைத் திருப்பூரில் கொடுக்க மாட்டோம் என்றால், அந்தக் கேட்பிற்கு யோக்கியதை ஏது?

தற்காலிகம் என்று சொல்லி மனிதனைக் கொண்டு போனால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கின்றது. இலங்கை மலைநாட்டைக் காடழித்துத் தேயிலை ஆக்கிய ஜனங்களை, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே மாண்டவர்களை, 1948ல் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கினார்கள். 1964ல் இரண்டு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து 9,75,000 பேரை, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று பாகப் பிரிவினை செய்தார்கள். பண்டம் பாத்திரம் பங்கு போட்டால்கூடப் பங்காளிகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவனையாவது கூப்பிட்டு நீ எங்கே இருக்க விரும்புகின்றாய் என்று ஒப்பந்தம் போடுமுன் கேட்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். விசா முதலாளியின் பேரில் இல்லாமல் தொழிலாளியின் பேரிலேயே இருக்க வேண்டும். ஒருவனிடம் வேலை பிடிக்காவிட்டால் அதே நாட்டில் இன்னொருவனிடம் போக யாருடைய சீட்டும் வேண்டியிருக்கக் கூடாது. ஆளெடுக்கும் செலவை ஆள் வேண்டுமென்கிறவனே கொடுக்க வேண்டும். சங்கம் கூடுவதற்கு உரிமை வேண்டும். இத்தனை வருஷம் ஒரு நாட்டில் உழைத்தவனுக்கு அங்கேயே குடியிருக்கும் உரிமை வேண்டும். இவற்றைக் கேளாமல் டெல்லி சர்க்கார் எந்த நாட்டோடும் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் செய்து கொள்ளக் கூடாது.

இதெல்லாம் நடக்கிற வரையில், போகத் தீர்மானித்திருக்கும் தோழர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஏஜெண்டுக்குச் சர்க்கார் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். இல்லாதவனிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். 1983ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிப்படி ஏஜெண்டு வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்குள்ள வரியுந்தான். அதற்கு ரசீது கொடுக்க அவன் கடமைப்பட்டவன். ரசீது கொடுக்க மாட்டேன் என்கிறவன் எவ்வளவு நல்ல வார்த்தை பேசினாலும், உங்கள் மாமனுக்கு மச்சானே ஆனாலும், வெளியே வந்துவிடுங்கள். இங்கே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே போனதும் நீட்டும் ஒப்பந்தம் வேறொன்று என்பது பழைய தந்திரம். ஆகையால் இங்கே போட்டதைப் படமெடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். சர்க்கார் அனுமதியோடு போகிறவர்களுக்குப் பத்து லட்ச ரூபாய் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. அந்தக் காகிதம் பெண்டாட்டி கையிலோ தாயார் கையிலோ இருக்க வேண்டும், ஏஜெண்டு கையில் அல்ல. பாஸ்போர்ட்டைக் கேட்கிற முதலாளிக்கு ஒரு சங்கதி சொல்லுங்கள்: 1967ம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டத்தின் 17வது பிரிவுப்படி அது உங்களுடையதுகூட அல்ல, இந்திய சர்க்காரின் சொத்து. அதை அவன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றான் என்று ஒரு தொழிலாளி எழுதினால், தன் சொத்தைத் திரும்ப வாங்கி அவனிடம் கொடுக்க வேண்டியது அங்குள்ள இந்தியத் தூதர் வேலை. இதுவரையில் எத்தனை தூதர்கள் அந்த வேலையைச் செய்திருக்கின்றார்கள் என்பதைப் போய் வந்த தோழர்கள் நமக்கு எழுதினால், வந்த கடிதங்களை ஊர் பேரோடு அடுத்த வாரங்களில் பிரசுரிக்கின்றோம். எழுதினவர் பேரை வெளியிட மாட்டோம்.